தாங்கும் மறவர்: கணினிப் போரும் புறத்திணையும்

வீரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பலர் மனக்கண்முன் தோன்றுவது வாளை ஓங்கி நிற்கும் ஒருவனின் உருவமே. ஆயின், போர்நெறி வகுத்த நம் முன்னோர் அவ்வளவோடு நின்றாரல்லர். தாக்குவோன் வீரம் ஒரு பாதியென்றால், பகைவரின் தாக்குதலைத் தன்மேல் ஏற்றுப் பின்னிற்பாரைக் காப்போன் வீரம் மறுபாதி என்று அவர்கள் கருதினர். இம் மறுபாதியைத் தமிழ்ப் புறப்பொருள் நூல்கள் துறை துறையாக வகுத்துப் பெயரிட்டு வைத்துள்ளன. இக்காலத்தில் கணினி வழியே பலர் கூடி ஆடும் கற்பனைப் போர் விளையாட்டுகளும் அதனையே வேறொரு வழியில் வகை செய்துள்ளன. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

இத்தகைய ஆட்டத்தில் ஓர் ஆசிரியனுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். லிங்கித் தோட்டப் பகுதியில் பால்மரக் காட்டோரம் சடுகுடு ஆடிய தலைமுறை கடந்துவிட்டது. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. பிள்ளைகள் கையில் கைப்பேசி இருக்கிறது. "நான் டேங்க், நீ ஹீலர்" என்று அவர்கள் தமக்குள் பேசிக்கொள்வது பெற்றோர் செவியில் விழுகிறது. பொருள் விளங்காத பெற்றோர் கடிந்துகொள்கின்றனர். கடிவதன்முன் அறிதல் நன்றன்றோ?

சொல்லின் வரலாறு

'டேங்க்' என்னும் சொல் நம்மவர்க்குப் புதிதன்று. ஆங்கிலேயர் இந்தியாவில் ஏரியையும் குளத்தையும் குறிக்க அச்சொல்லையே வழங்கினர். குசராத்தி, மராத்தி முதலிய மொழிகளிலிருந்து அது ஆங்கிலம் புகுந்தது என்றும், போர்த்துகீசியச் சொல் ஒன்றும் அதனோடு கலந்தது என்றும் சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். முதல் உலகப்போர்க் காலத்தில் கவச ஊர்திகளை மறைவாகச் செய்த ஆங்கிலேயர், அவை தண்ணீர்த் தொட்டிகள் என்று பிறர் எண்ணுமாறு அப்பெயரை அவற்றிற்கு இட்டனர். 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் பிரான்சு நாட்டின் சோம் போர்க்களத்தில் அவ்வூர்திகள் முதன்முதலாக இறங்கின. குண்டுமழையை இரும்புடலில் ஏற்றுக்கொண்டு பின்வரும் காலாட்படைக்கு வழி திறத்தல் அவற்றின் தொழில். கணினி விளையாட்டில் அடியைத் தாங்கி முன்னிற்போனுக்கும் அப்பெயரே நிலைத்தது.

தமிழில் 'தாங்கு' என்னும் வினை இதனோடு ஒலியால் ஒத்திருக்கிறது. அவ்வொப்புமை தற்செயலே, பிறப்புறவு கற்பித்தல் பிழை. ஆயினும் பொருட் பொருத்தம் கருதி, அவ்வீரனை இக்கட்டுரையில் 'தாங்கி' என்றே வழங்குவோம்.

ஆட்டத்தின் அமைப்பு

2016ஆம் ஆண்டில் வெளிவந்து மலேசியப் பிள்ளைகளிடையே பெரிதும் பரவிய 'மொபைல் லெஜண்ட்ஸ்' என்னும் கைப்பேசி ஆட்டத்தில் பாத்திரங்கள் 6 வகை. அவற்றுள் ஒன்று தாங்கி. எனினும், தாங்கிகளுக்குள்ளேயே நுட்பமான வேறுபாடு காண வேண்டுமாயின், 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் ஆட்டத்தையே நோக்குதல் வேண்டும். அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2004ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் அதனை வெளியிட்டது.

அவ்வாட்டத்தில் ஒரு குகைக்கோட்டையுள் புகும் குழுவில் ஐவர் இருப்பர். அவருள் ஒருவன் தாங்கி. ஒருவன் காயம் ஆற்றும் மருத்துவன். ஏனைய மூவரும் தாக்குவோர். பகை உயிர் ஒவ்வொன்றும் தன்னை எதிர்ப்போர் ஒவ்வொருவர்மீதும் ஒரு சினக்கணக்கு வைத்திருக்கும். அடித்தால் கணக்கு ஏறும். மருத்துவன் தோழனைக் குணப்படுத்தினாலும் ஏறும். தாங்கியின் செயல்களுக்கோ சினம் மூட்டும் ஆற்றல் பன்மடங்கு உண்டு. ஆகவே பகை அவனையே தாக்கி நிற்கும். தாக்குவோன் ஒருவன் அளவு மீறி அடித்துத் தாங்கியின் கணக்கைக் கடந்துவிட்டால் பகை அவன்பால் திரும்பிவிடும். அருகில் நிற்போனுக்கு அவ்வெல்லை தாங்கியின் கணக்கில் நூற்றுக்கு 110. தொலைவில் நிற்போனுக்கு 130.

பகைவனைத் தன்பால் ஈர்க்க அறைகூவும் திறனும் தாங்கிக்கு உண்டு. இதுவும் நமக்குப் பழையதே. தன் ஆற்றலைத் தானே எடுத்துரைத்தலை 'நெடுமொழி' என்று புறப்பொருள் நூலார் துறையாக்கினர். பகைவரை நேர்நோக்கிப் பேசும் வீரன் ஒருவனைத் திருவள்ளுவர் 'படைச்செருக்கு' அதிகாரத்தின் முதற் குறளிலேயே நிறுத்துகிறார்.

அறுவகைத் தாங்கிகள்

இவ்வாட்டத்தில் தாங்கிகள் 6 வகையினர். ஆறு பேருக்கும் தொழில் ஒன்றே. அதனைச் செய்யும் வழியே வேறு.

முதலாமவன் வாரியர் எனப்படும் கேடய வீரன். தொடக்க ஆண்டுகளில் பெரும்போர்களில் தாங்கியாய் நின்றவன் பெரும்பாலும் இவனே. வரும் அடியைக் கேடயத்தால் தடுத்துக் குறைப்பது இவன் முறை. அடிபடும்போதும் அடிக்கும்போதும் இவனுள் சினம் ஊறும். அச்சினத்தைச் செலவிட்டே காப்பு வினைகளைச் செய்வான். இவனை அரணுக்கு ஒப்பிடலாம். உயரமும் பரப்பும் உறுதியும் எளிதில் அணுகவியலாமையும் அரணின் இயல்புகள் எனக் குறள் கூறும். நம் லிங்கி ஆறு கடலோடு கலக்கும் கோலா லிங்கியில் டச்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோட்டையின் எஞ்சிய சுவர்களைக் கண்டவர்க்கு இவ்வீரன் தன்மை எளிதில் விளங்கும்.

இரண்டாமவன் பாலடின் எனப்படும் அறவீரன். இவனுக்கும் கேடயம் உண்டு. ஆயின் இவன் சிறப்பு தன்னைக் காப்பதினும் தோழரைக் காப்பதிலேயே விளங்கும். தோழனுக்கு நேரும் அடியில் ஒரு பங்கைத் தன்மேல் மாற்றிக்கொள்ளும் வினையும், சாகும் நிலையில் உள்ளவனைக் கை வைத்து எழுப்பும் வினையும் இவனிடம் உள்ளன. புறநானூற்று 275ஆம் பாட்டில், பகைவரிடையே சிக்கிய தோழனை நோக்கி, கன்றை விரும்பி விரையும் பசுவைப்போல் ஒரு வீரன் பாய்ந்து வருகிறான். அவ்வீரனின் உள்ளமே பாலடினின் உள்ளம்.

மூன்றாமவன் ட்ரூயிட். இவன் கேடயம் ஏந்துவதில்லை; கரடியாக உருமாறி, தடித்த தோலையும் மிகுந்த உயிராற்றலையும் கொண்டே அடி வாங்குவான். 2007ஆம் ஆண்டு வெளிவந்த முதல் விரிவுக்குப் பின்னரே இவனும் பாலடினும் தாங்கிகளாக நன்கு நிலைபெற்றனர். விலங்கின் உடலுறுதியை மறவனுக்கு ஏற்றிக் கூறும் மரபு தொல்காப்பியத்திலும் உண்டு. படை உடைந்து ஓடும்போது, ஒருவன் மட்டும் திரும்பி நின்று பின்னணியைத் தாங்குவதைத் தும்பைத் திணையில் 'எருமை' என்றே தொல்காப்பியர் பெயரிட்டார். பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலையில் அது 'எருமை மறம்' என வழங்கும். மேற்கூறிய புறநானூற்றுப் பாட்டின் துறையும் இதுவே. சேற்றில் கால் ஊன்றி நிற்கும் எருமையை அசைத்துப் பார்த்தவர்க்கு அப்பெயரின் பொருத்தம் தெரியும்.

நான்காமவன் டெத் நைட். 2008ஆம் ஆண்டில் வந்தவன். இவனிடமும் கேடயம் இல்லை. அடியைத் தடுக்காமல் முதலில் வாங்கிக்கொள்வான். கடந்த 5 நொடியில் வாங்கிய அடிக்கு ஏற்பத் தன் வாள்வீச்சால் உயிரை மீட்டுக்கொள்வான். காயமே இவனுக்குக் கருவி. யானைமேல் தன் வேலை எறிந்துவிட்டு வேறு வேல் தேடி வரும் வீரன், தன் உடலில் தைத்திருந்த வேலைக் கண்டு பறித்து மகிழும் காட்சி 774ஆம் குறளில் உண்டு. அதனை ஆட்ட விதியாக்கினால் டெத் நைட் பிறப்பான்.

ஐந்தாமவன் மங்க் என்னும் துறவி. 2012ஆம் ஆண்டில் வந்த இவன், மதுவருந்தித் தள்ளாடுவான்போல் அசைந்து போரிடுவான். கள்ளுக்கடையால் குடும்பங்கள் கெட்டதைக் கண்ட தோட்டத்துப் பெரியோர் இதனைக் கேட்டு முகஞ்சுளிப்பர்; எனினும் இவனது முறைதான் ஆறனுள் மிக நுண்ணியது. வரும் அடியில் ஒரு பகுதியை மட்டும் அப்போதே ஏற்பான். எஞ்சியதைத் தேக்கி வைத்துச் சிறிது சிறிதாகப் பல நொடிகளில் ஏற்பான். தேக்கம் மிகுந்தால் அதன் ஒரு பங்கைத் துடைத்தெறியும் வினையும் உண்டு. இது முற்றிலும் ஏரியின் தொழில். காட்டாற்று வெள்ளம் கரையை உடைக்காதபடி நிறுத்தி, மதகின் வழியே அளவாக விடுவதை ஒத்தது. வஞ்சித் திணையில் தொல்காப்பியர், விரைந்துவரும் படையைத் தனியொருவன் எதிர்நிற்பதை வெள்ளத்தைத் தடுக்கும் கல்லணைக்கு ஒப்பிட்டார். 'டேங்க்' என்ற சொல்லின் பழம்பொருள் ஏரி என்று மேலே கண்டோம். அப்பொருள் முழுதும் பொருந்துவது இவனுக்கே.

ஆறாமவன் டீமன் ஹண்டர். 2016ஆம் ஆண்டில் வந்த இவன் ஓரிடத்தில் நில்லாதவன். தாவியும் விலகியும் பகைவரைத் தன்பின் இழுத்துச் சென்று, அவர்களிடமிருந்து சிதறும் உயிர்த்துணுக்குகளை உண்டு தேறுவான். நிலைத்து நிற்பதற்கு மாறாக ஓடிக் காக்கும் இவனுக்கு, ஆநிரை கவர்ந்தோரைத் துரத்திச் சென்று மீட்கும் கரந்தை மறவரே ஏற்ற ஒப்பு. தமிழகத்துச் செங்கம் பகுதி நடுகற்கள் அத்தகையோர் பலருக்கு எடுக்கப்பட்டவை.

எவன் சிறந்தவன்?

அறுவரையும் அறிந்தபின் எழும் வினா இது. விடை, வரும் அடியின் தன்மையைப் பொறுத்தது. ஆயுத அடிகள் பலவாய் வருமிடத்தில் கேடயம் உடையவன் நன்கு நிற்பான். கரடியின் தடித்த தோல் ஆயுதத்தைத் தாங்குமேயன்றி மந்திரத்தை அவ்வளவு தாங்காது. டெத் நைட் மருத்துவன் துணை குறைந்தபோதும் நெடுநேரம் நிற்பான். ஆனால் மீட்டுக்கொள்ளும்முன் ஒரே அடியில் வீழ்த்தப்பட்டால் அவன் கலை பயன்படாது. மங்கின் தேக்கம் மருத்துவனுக்குக் காலம் ஈட்டித் தரும். தேக்கியதை மறந்தாலோ அதுவே அவனைக் கொல்லும். மேலும், ஆட்டத்தை நடத்துவோர் வலிமை எண்களை அவ்வப்போது திருத்துவதால் நிலையான வரிசை கூறுதல் இயலாது. ஆயினும் ஒன்று திண்ணம்: கேடயக்காரன் கரடியைப்போல் ஆட முயன்றாலும், ஏரியாக நிற்க வேண்டியவன் மதிலாக நிற்க முயன்றாலும் குழு முழுதும் அழியும்.

எவரும் விரும்பாத பணி

இவ்வாட்டத்தில் முன்பின் அறியாதாரையும் ஒரு குழுவாகச் சேர்த்துவிடும் ஏற்பாடு 2009ஆம் ஆண்டு டிசம்பரில் அமைந்தது. அப்போது ஒரு குறை வெளிப்பட்டது. தாக்குவோராக வர விரும்பியோர் மிகப் பலர். தாங்கியாக வர விரும்பியோர் மிகச் சிலர். தாக்குவோர் நெடுநேரம் காத்துக்கிடக்க நேர்ந்தது. முடிவில் 2011ஆம் ஆண்டில், ஆள் குறைந்த பணியை ஏற்று வருவோர்க்குத் தனிப்பரிசு வழங்கும் முறையை நிறுவனம் கொண்டுவந்தது. பெரும்பாலும் அப்பரிசு தாங்கியையே அழைத்தது.

ஏன் இந்நிலை? தாக்குவோர் மூவருள் ஒருவன் தவறினால் அது பிறர் கண்ணில் படுவதில்லை. தாங்கி தவறினால் ஐவரும் வீழ்வர். பழி முழுதும் அவன்மேல் விழும். வழி தெரிந்து முன்செல்ல வேண்டியவனும் அவனே. இத்தனைக்கும் பிறர் அடக்கமின்றி அடித்துச் சினக்கணக்கைக் கடந்ததே தோல்விக்குக் காரணமாக இருக்கலாம். அப்போதும் "தாங்கி சரியில்லை" என்பதே பேச்சு.

இது விளையாட்டோடு முடிகின்ற செய்தியன்று. நம் தோட்டக் குடும்பங்களில் பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றபின் தம்பி தங்கையரை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அழைத்து வரும் மூத்த பிள்ளை ஒரு தாங்கி. அப்பிள்ளை தாமதமாக வந்தால் காரணம் கேளாமல் வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறோம். வினாவுக்கு விரைந்து விடை கூறும் மாணவனைப் பாராட்டுகிறோம். குழுவேலையில் சண்டையை அமர்த்தி, பிறர் விட்ட பகுதியையும் தானே எழுதி முடித்த மாணவிக்கு மதிப்பெண் பட்டியலில் இடமில்லை. ஆசிரியப் பயிற்சியில் குழுமுறைக் கற்பித்தலைப் படித்தோம். குழுவில் தாங்குவோர் யார் என்று பார்க்கும் பழக்கத்தைப் பலர் பெறவில்லை.

பிள்ளைகளின் ஆட்டத்திலிருந்து ஆசிரியர் மூன்று முறைகளை மேற்கொள்ளலாம். ஒன்று, குழுவில் தாங்கும் பணிக்கு வெளிப்படையாகப் பெயரிட்டு, அதனை முறைமாற்றி எல்லோர்க்கும் தருதல். இரண்டு, தாங்கும் திறம் பலவகை என உணர்தல். மதில்போல் நிற்கும் மாணவனும் உண்டு, ஏரிபோல் அடக்கி மெல்ல வெளியிடும் மாணவனும் உண்டு. பின்னவனிடம் தேங்கியிருப்பது என்ன என்று இடையிடையே கேட்டறிதல் நம் கடன். மூன்று, தாங்குபவன் நிலைகொள்ளும் வரை பொறுத்திருக்கும் அடக்கத்தை ஏனையோர்க்குப் பயிற்றுதல்.

படைமாட்சி அதிகாரத்தில், பகைவரின் முன்னணியைத் தாங்கிச் செல்வதே படை எனக் கூறும் வள்ளுவர், தாங்கும் தன்மையை 'அறிந்து' செய்தல் வேண்டும் என்றும் கருதுகிறார். தாங்குதல் வெறும் பொறுமையன்று, கற்றறிய வேண்டிய கலை என்பதே அதன் கருத்து. நாளை மாலை உங்கள் வீட்டுப் பிள்ளை "நான் டேங்க்" என்று சொல்லக் கேட்டால், கைப்பேசியை எவ்வளவு நேரம் தருவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். அதற்குமுன், அறுவருள் நீ எவன் என்று ஒருமுறை கேளுங்கள். அவன் தரும் விடையில் அவன் இயல்பு தெரியவும் கூடும்.