எந்திரத்தின் தோல்

2018இல் '2.0' பார்த்துவிட்டு வெளியே வரும்போது, எங்கள் செக்கிங் டேபிளில் வேலை பார்க்கும் அக்கா கேட்டார்: "ஏனுங் தம்பி, மிசினுக்கு எதுக்குங் அத்தன வெள்ளத் தோலு?" நிலா என்ற அந்தப் பெண் எந்திரமாக நடித்தவர் ஆங்கிலேய நடிகை எமி ஜாக்சன். நான் சிரித்து மழுப்பினேன். இந்தக் கட்டுரை அந்த மழுப்பலுக்குப் பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடிகர் தேர்வைப் பற்றிக் கேட்டால் யதார்த்தவாதிகளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்: கதை நடக்கிற இடத்தில் மனிதர்கள் அப்படித்தான் இருப்பார்கள். சேரிக்குக் கறுப்பு, பங்களாவுக்குச் சிவப்பு. இது யதார்த்தமல்ல, பழக்கம். ஆனாலும் வாதாட ஒரு பிடி இருக்கிறது. அறிவியல் புனைவில் அந்தப் பிடியும் நழுவிவிடுகிறது. எந்திரத்துக்கு ஊர் இல்லை, சாதி இல்லை, தாய் தகப்பன் இல்லை. எந்த நிறத்திலும் வார்க்கலாம். எனவே அதற்குப் போர்த்தப்படும் தோல் முழுக்க முழுக்க ஒரு தேர்வு. ஒரு சமூகம் விரும்பும் உடல் எதுவென்பதை இவ்வகைப் பிரதிகளே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகின்றன.

2017இல் 'கோஸ்ட் இன் த ஷெல்' படத்தில் ஜப்பானியப் பாத்திரத்துக்கு ஸ்கார்லெட் ஜொஹான்ஸனைப் போட்டபோது எதிர்ப்புக் கிளம்பியது. அதே கதையை 1995இல் அனிமேஷனாக எடுத்த மமோரு ஓஷி, அது எந்திர உடல்தானே, ஆசிய நடிகைதான் வேண்டுமென்பதில்லை என்ற பொருளில் ஆதரித்துப் பேசினார். சரி, எதுவாகவும் இருக்கலாமென்றால் ஏன் திரும்பத் திரும்ப அதுவாகவே இருக்கிறது?

'எந்திரன்' (2010) ரஜினி கறுப்புதானே என்பீர்கள். உண்மை, அதை லேசாகத் தள்ள முடியாது. கறுத்த உடலொன்று விஞ்ஞானியாகவும் அவன் வார்த்த எந்திரமாகவும் திரையை நிறைத்தது. ஆனால் அதே ஷங்கர் 'சிவாஜி'யில் (2007) அந்த உடலையே கணினியில் வெளுத்து ஆடவிட்டார்; பாரி மகளிரின் பெயர்களைச் சூட்டி, அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்களைக் கறுப்பு என்பதற்காகவே நையாண்டி செய்தார். ஆணின் கறுப்புக்கு நட்சத்திர அந்தஸ்து ஒரு விலக்கு அளிக்கிறது. பெண்ணுக்கு அதுவும் இல்லை. 'எந்திர'னில் சனாவாக வருபவர் ஐஸ்வர்யா ராய். அவளுக்குத் தொல்லை தரும் பச்சைமுத்துவாக கலாபவன் மணி, சாலக்குடியில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்து நடிக்க வந்த தலித் கலைஞர். கறுத்த முகங்கள் இல்லாமலில்லை. எங்கே நிறுத்தப்பட்டிருக்கின்றன என்பதுதான் விஷயம். தலையை எண்ணிப் பன்முகத்தன்மை பேசுகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். 'அயலா'னில் (2024) நாயகன் பெயர் தமிழ், வில்லன் பெயர் ஆர்யன். அட, அரசியல் பெயரோடு முடிந்துவிட்டது. நாயகி வழக்கம்போல ரகுல் ப்ரீத் சிங்.

எங்கள் கம்பெனிக்கு பையர் அனுப்பும் சைஸ் சார்ட்டிலும் ஓர் உடல் இருக்கிறது. நெஞ்சு இவ்வளவு, தோள் இவ்வளவு. அதைப் பார்த்துத்தான் பீஸை டேப் வைத்து அளக்கிறோம். நாங்கள் மாட்டினால் தொளதொளவென்று தொங்கும். டேபிளுக்கு இந்தப் பக்கம் அக்கா, எதிரே ஒடிசாப் பெண், பவர் டேபிளில் பீகார்ப் பையன்கள். இந்த ஊரின் வருங்காலம் இங்கேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறது. 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களை இங்கே தாக்குவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, திருப்பூரிலும் பீதி கிளம்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனை எந்தப் பிம்பத்தின் வழியாகப் பார்க்கிறோம் என்பது சினிமாவோடு நிற்கிற சங்கதியல்ல.

நூறு வருஷம் கழித்து நடக்கிற மாதிரி ஒரு தமிழ்ப்படம் எடுத்தால் இந்த டேபிளிலிருந்து யாரைக் கூப்பிடுவார்கள் என்று அக்காவிடம் கேட்டேன். பீஸை மடித்துக்கொண்டே சொன்னார்: "அந்த மிசினத் தொடைக்கறதுக்கு ஆளு வேணுமல்லங், அதுக்குக் கூப்புடுவாங்க."