குளிர்கால ஸ்டிராபெரிக்குக் கரியமில வாயு

ஜப்பான் தேசத்தில் ஸ்டிராபெரி சாகுபடிக்குப் பேர்போன தோச்சிகி மாகாணத்தில், குளிர்காலப் பழம் பிளாஸ்டிக் கூடாரங்களில் பயிராகிறது. குளிர் புகாதபடி கூடாரத்தை அடைத்து வைப்பதால் ஒரு கஷ்டம் நேரிடுகிறது. இலைகள் உணவு தயாரிப்பதற்குக் கரியமில வாயு இன்றியமையாதது. வெளிக்காற்றில் பத்து லட்சம் பங்கில் 420 பங்குக்கு மேலுள்ள இவ்வாயு, சூரியோதயத்திற்குப் பின் அடைத்த கூடாரத்தினுள் 200 பங்கு வரை குறைந்துவிடுவதுண்டு. வெயில் இருந்தும் பயிர் பட்டினி கிடக்கும்.

ஆகவே, மண்ணெண்ணெயையோ எரிவாயுவையோ எரித்து அவ்வாயுவைப் பெருக்குகிறார்கள். துளையிட்ட குழாய்களைச் செடிகளினருகே பரப்பி அவற்றின் வழியாக விடுதல் சிக்கனமாகும். இரவில் விடுவதும், காற்றுவழிகளைத் திறந்தபின் மிகுதியாக விடுவதும் வீண் செலவே.

எரிகலம் செவ்வையாக எரியாவிடில் கார்பன் மோனாக்ஸைட் என்னும் நச்சு வாயு உண்டாகும். அது உள்ளே வேலை செய்வோரின் உயிருக்கே அபாயம். எரிகலத்தைப் பரிசோதித்த பின்னரே கூடாரத்தை அடைக்க வேண்டும்.