பாஸ்வேர்ட் கேட்கிறதே, கொடுக்கலாமா?

நமது கணினி நிலையத்தில் சென்ற தவணை நடந்த ஒரு சங்கதியை வைத்து இம்முறை எழுதுகிறோம். கணினிப் பக்கமே போகாதவர்களும் வாசிக்கலாம். விஷயம் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பதுதான்.

நிலையத்தில் இருக்கும் நாலு கணினியும் வல்வெட்டித்துறையில் இருந்து வந்தவை. அங்கே பழைய கணினிகளைத் திருத்தி லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் வாலிபர்கள் சிலர் இருக்கிறார்கள். நாங்களும் நம்ம பிள்ளைகள் ஆறு பேரும் பஸ் ஏறிப் போய் மூன்று நாள் அங்கே தங்கிப் படித்து வந்தோம். (மலையில் பிறந்த பிள்ளைகள் கடலைக் கண்டதும் முதல் நாள் பாடம் பாதியில் நின்றது வேறு கதை.) லினக்ஸ் என்பது பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கியது. அதில் உபுண்டு என்ற வகையை நாங்கள் போட்டிருக்கிறோம். காசு கட்டத் தேவையில்லை.

அங்கே பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வியே இதுதான்: "படம் பார்க்க, கடிதம் எழுத ஒன்றும் கேட்பதில்லை. புதுசாக ஒரு மென்பொருள் போடப் போனால் மட்டும் ஏன் சேர் பாஸ்வேர்ட் கேட்குது?"

படிப்பித்த தம்பி கடலோடிக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் கப்பலை வைத்தே சொன்னார். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அந்த ஊர் மாலுமிகளோடு அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. கப்பல் தலைவரை அங்கே தண்டயல் என்பார்கள். மாலுமி தன் பெட்டியில் எதையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பாய்மரத்தில் கை வைக்கத் தண்டயலின் சொல் வேண்டும். லினக்ஸில் தண்டயலின் பெயர் ரூட். நமக்கு விளங்குகிறபடி சொன்னால், உங்கள் காம்பிராவுக்குள் எந்தக் கலண்டரையும் மாட்டலாம். லயத்துக்கெல்லாம் தண்ணி போகும் பைப்பை வெட்டுவதென்றால் தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேணும் அல்லவா? கணினியிலும் ஒவ்வொருவருக்கும் 'ஹோம்' என்று ஒரு காம்பிரா உண்டு. மென்பொருள் போய் உட்காருவது அங்கே இல்லை, எல்லாருக்கும் பொதுவான இடத்தில். அதனால்தான் கேட்கிறது.

உபுண்டுவில் ரூட்டாக நேரே உள்ளே போக முடியாதபடி பூட்டியே தருகிறார்கள். அதற்குப் பதில் 'சூடோ' என்று ஒன்று உண்டு. கட்டளைக்கு முன்னால் அந்தச் சொல்லைப் போட்டு, உங்கள் சொந்த பாஸ்வேர்டைக் கொடுத்தால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் அதிகாரம் கிடைக்கும். 1980 வாக்கில் அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது இது. அந்தக் காலத்தில் ஒரே கணினியைப் பலபேர் பாவித்தார்கள், நமது நிலையத்தைப் போலத்தான்.

பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். கீபோர்ட் பழுதில்லை, பக்கத்தில் நிற்பவர் எழுத்தை எண்ணாமல் இருக்கவே அப்படி வைத்தார்கள். ஒருதரம் கொடுத்தால் அந்த ஜன்னலில் வழக்கமாக 15 நிமிடத்துக்குத் திரும்பக் கேட்காது. அதற்குள் எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போனீர்களோ, வந்து உட்காருபவர் உங்கள் அதிகாரத்தோடு உட்காருகிறார்.

இனி நடந்ததைச் சொல்லுகிறோம். பிழை எங்களுடையது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கணக்கு, அதற்கே முழு அதிகாரம், அந்த பாஸ்வேர்டையும் மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம். கேட்டுக் கேட்டு வருகிறார்களே, வசதியாக இருக்கட்டும் என்றுதான்.

ஒரு பையனுக்குப் பைத்தன் படிக்க ஆசை. கெட்டிக்காரன். கணினியில் இருந்தது பழையது, அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடு என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்ததைப் பார்த்து, சூடோ போட்டு, பைத்தனை நீக்கச் சொல்லிவிட்டான். உபுண்டுவின் பல பகுதிகள் அந்தப் பைத்தனை நம்பித்தான் ஓடுகின்றன. கணினி அதைச் சொல்லாமல் இல்லை. இன்னின்னதெல்லாம் சேர்ந்து போகும் என்று திரை நிறையப் பட்டியல் போட்டு, சம்மதமா என்று கேட்டது. அவன் வாசிக்காமல் 'வை' எழுத்தை அமுக்கினான். மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் கறுப்புத் திரை மட்டும்.

அந்தக் கணினியில்தான் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியின் ப்ரொஜெக்ட் இருந்தது, இரண்டு மாத வேலை. கொழுந்து பறித்துவிட்டு வந்த அவளது அம்மா வாசலிலேயே நின்றார், ஒன்றும் கேட்கவில்லை. எங்களுக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

வல்வெட்டித்துறைக்குப் போன் போட்டோம். தம்பி பதறவில்லை. "பொது இடந்தான் உடைஞ்சிருக்கு, ஹோம் அப்படியே இருக்கும்," என்றார். அவர் சொல்லச் சொல்ல, உபுண்டு வைத்திருந்த பென் டிரைவால் கணினியைத் தொடக்கி, அவளது கோப்புகளை வேறொன்றுக்கு எடுத்தோம். முழுவதும் கிடைத்தது. பிறகு உபுண்டுவைப் புதிதாகப் போட்டோம். ஒரு மாலை போனது.

இப்போது பிள்ளைகளுக்குத் தனித்தனிச் சாதாரணக் கணக்குகள். நிர்வாகக் கணக்கு ஒன்று, அதன் பாஸ்வேர்ட் இரண்டு பேரிடம் மட்டும். சாதாரணக் கணக்கில் சூடோ போட்டால், இவர் பட்டியலில் இல்லை, இது அறிவிக்கப்படும் என்கிற மாதிரி ஒரு செய்தி வரலாம். ஒரு சின்னவன் பொலிசுக்கு அறிவிப்பார்களோ என்று அழுதே விட்டான். அது அந்தக் கணினியின் பதிவேட்டில் ஏறும், அவ்வளவுதான். டெபியன் போட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை: நிறுவும்போது ரூட்டுக்குத் தனி பாஸ்வேர்ட் கொடுத்தால், முதல் ஆளுக்கே சூடோ உரிமை கிடைக்காது. பழுது என்று நினைக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் நிர்வாக அனுமதி தேவை என்றும் இல்லை. பிளாட்பேக் முறையில் வரும் மென்பொருளைத் தன் கணக்குக்கு மட்டும் போட்டுக்கொள்ள முடியும். அந்தப் பையன் புதிய பைத்தனையும் இப்போது தன் ஹோமுக்குள்ளேயே தனியாக வைத்துப் படிக்கிறான், பழையது அதன் இடத்தில் இருக்கிறது.

அதிகாரத்துக்குப் பயந்து அப்டேட் போடாமலும் இருக்கக்கூடாது. சூடோவிலேயே ஒரு ஓட்டை இருப்பது 2021 ஜனவரியில் வெளிவந்தது. 2011 முதல் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது. அதன் வழியாகச் சாதாரணக் கணக்குக்காரர்கூட ரூட் ஆகிவிடலாம். திருத்தம் உடனே வந்தது, ஆனால் அப்டேட் போட்ட கணினிக்குத்தான் அது போய்ச் சேரும். நாங்கள் சனிக்கிழமை காலையில் போடுகிறோம்.

மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. புதிய மென்பொருள் வேண்டியவர் அதன் பெயர், எதற்கு, எங்கிருந்து எடுப்பது என்று எழுதி வைக்க வேண்டும். உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்தில் இருந்தால் அன்றே போட்டுத் தருவோம். இணையத்தில் கண்ட ஒரு வரியை அப்படியே ஒட்டச் சொல்லுகிறது என்றால், இரண்டு பேரும் உட்கார்ந்து வாசித்த பிறகுதான். போன கிழமை அந்த மாணவி படம் வரையும் மென்பொருள் ஒன்று கேட்டிருந்தாள். பாஸ்வேர்டை நாங்கள் அடித்தோம். திரையில் வந்த பட்டியலை அவளே கடைசி வரி மட்டும் வாசித்துவிட்டு, "நீக்குவது சைபர் சேர், போடலாம்," என்றாள்.