மூட்டோடு நிற்காத முடக்குவாதம். மூட்டை மட்டும் அளக்கும் சட்டம்

புது தில்லி: கை விரல்கள் வீங்கும், காலையில் எழுந்ததும் மூட்டுகள் நெடுநேரம் விறைத்திருக்கும். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனப்படும் முடக்குவாதம் குறித்துப் பலரும் அறிந்திருப்பது இவ்வளவுதான். ஆனால், இது உடல் முழுவதையும் தாக்கும் நோய் என்பதை மருத்துவ உலகம் நெடுங்காலமாகவே அறிந்துள்ளது. அரசின் பார்வைதான் இன்னும் மூட்டைத் தாண்டவில்லை.

தில்லிக்கு அருகே உள்ள கிராமங்களில் நடத்தப்பட்டு, 1993-இல் வெளியான ஆய்வில் வயது வந்தோரில் 0.75 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பது தெரியவந்தது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம் காணப்படுகிறது.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல், உடலின் சொந்தத் திசுக்களையே தாக்குவதால் வருவது இந்நோய். அப்போது உருவாகும் அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து பிற உறுப்புகளையும் சென்றடைகின்றன. நுரையீரல் திசு தழும்பேறினால் வறட்டு இருமல் நீடிக்கும். சிறிது தொலைவு நடந்தாலே மூச்சு வாங்கும். ரத்தக் குழாய்கள் பாதிக்கப்படுவதால் மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. கண்கள் வறளும், விழி வெண்படலம் அழற்சியுற்றால் பார்வைக்கே ஆபத்து. ரத்த சோகை, எலும்புகள் வலுவிழத்தல், தீராத அசதி ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

21 வகைகள்: மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலசீமியா, ஹீமோபிலியா போன்ற ரத்த நோய்கள் அதில் இடம்பெற்றுள்ளன. முடக்குவாதத்துக்குத் தனி இடம் இல்லை. சான்றிதழ் கோரும் நோயாளி, கை, கால் இயக்கக் குறைபாடு என்ற பிரிவின் கீழ்தான் மதிப்பிடப்படுகிறார். வேலைவாய்ப்பில் இடஒதுக்கீடு பெற 40 சதவீதக் குறைபாடு தேவை. விரல்கள் கோணாமல், நுரையீரல் பழுதடைந்த பெண்ணின் மூச்சுத் திணறல் அந்தக் கணக்கில் வருவதில்லை.

2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. முடக்குவாத நோயாளிக்குத் தேவைப்படுவதோ, ஆண்டுக்கணக்கில் புறநோயாளியாகப் பெறும் சிகிச்சை. வாரம் ஒருமுறை உட்கொள்ளும் மெதோட்ரெக்சேட் மாத்திரையின் விலை குறைவே. ஆனால், அதனுடன் ரத்தப் பரிசோதனைகளும் தொடர வேண்டும். அது பலனளிக்காதபோது தரப்படும் உயிரியல் ஊசி மருந்துகள் விலை மிகுந்தவை. அவற்றில் சில, உடலில் உறங்கும் காசநோயைக் கிளப்பிவிடக் கூடியவை என்பதால், இந்தியாவில் முன்பரிசோதனை மிகவும் அவசியம்.

தொடக்கத்திலேயே சிகிச்சை தொடங்கினால் மூட்டுகளைப் பெருமளவு காக்க முடியும்; பிற உறுப்புகளுக்கு நேரும் ஆபத்தையும் குறைக்கலாம். மாரடைப்பு வந்து மருத்துவமனையில் சேர்ந்த பின் காப்பீடு தரும் அரசு, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தேவைப்படும் மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் பொறுப்பேற்குமா என்பதே கேள்வி.