வானொலிப் பெட்டி கண்ணுக்கா, காதுக்கா?

வீட்டிற்கு ஒரு வானொலிப் பெட்டியோ ஒலிபெருக்கியோ வாங்கப் புறப்படும் குடும்பத்தில் இரண்டு கட்சிகள் தோன்றுவது இயல்பு. கூடத்தில் வைத்தால் பார்ப்பதற்கு இலட்சணமாக இருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. கேட்பதற்குத்தானே வாங்குகிறோம், பெட்டி எப்படி இருந்தால் என்ன என்பது மறு கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் எந்த உண்மைக்கு எந்த இடம் என்று வகுத்துக் கொள்ளாமல் கடைக்குச் செல்வோர், கண் சொன்னதைக் காது சொன்னதாக எண்ணிக்கொண்டு பெட்டியோடு வீடு திரும்புகின்றனர். தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மவர்க்கு இதனால் நேரும் இழப்பு, கொடுத்த பணத்தோடு முடிவதில்லை. அஃது ஏன் என்பதை இங்கே ஆராய்வோம்.

இதனைச் சிந்திப்பதற்குத் திருவனந்தபுரத்தின் ஆரியசாலை ஏற்றதோர் இடம். சாலைக் கடைத்தெருவை ஒட்டிய இப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. நவராத்திரிதோறும் பத்மநாபபுரத்திலிருந்து புறப்படும் ஊர்வலத்தில் வரும் வேளிமலைக் குமாரசுவாமி எழுந்தருளித் தங்குவது ஆரியசாலை தேவி கோயிலில்தான். 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மாறி, பத்மநாபபுரம் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பின்னரும் இவ்வழக்கம் நின்றுவிடவில்லை. அதே ஊர்வலத்தில் வரும் சரஸ்வதி தேவியின் முன்னிலையில், கோட்டைப் பகுதியிலுள்ள நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் இசையரங்கு நடைபெறும். அம்மண்டபத்தின் கூரையிலிருந்து மண்பானைகள் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டுள்ளன. எதிரொலியை அடக்கிப் பாடுவோர் குரலைத் தெளிவாக்குவதற்கென்று செய்யப்பட்ட ஏற்பாடு இது. அரண்மனையைச் சார்ந்த ஓர் இசை மண்டபத்தில் சாதாரண மண்பானைக்கு இடம் கிடைத்தது, காதுக்கு அது செய்யும் உதவியைக் கருதியே.

இந்நகரில் திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் 1943இல் தொடங்கிற்று. 1950 ஏப்ரல் முதல் நாள் அஃது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. திருநெல்வேலி நிலையம் 1963இலும், நாகர்கோயில் நிலையம் 1984இலும் எழுந்தன. ஆரியசாலைத் தமிழனுக்குத் தமிழ் ஒலிபரப்பு ஓரளவு அண்டை வீட்டுக் குரல் போன்றது. தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழ்பவர்க்கு அவ்வாறன்று. இன்று வானொலிச் செயலியைக் கைப்பேசியில் திறந்தால் நெடுந்தொலைவிலுள்ள தமிழ் நிலையத்தையும் கேட்கலாம். ஆயினும் அக்குரல் வீட்டாரின் செவியை அடைவது நாம் வாங்கி வைத்திருக்கும் ஒலிபெருக்கியின் வழியாகத்தான். ஆகவே தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது.

ஒலிக்கருவிகளை விற்பதில் தோற்றத்திற்கு எப்போதும் பெரும்பங்கு இருந்து வந்துள்ளது. தொடக்க காலத்துக் கிராமபோனில் ஊமத்தம்பூப் போன்ற குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வரவேற்பறைக்கு அது பொருந்தவில்லை என்று கருதிய அமெரிக்காவின் விக்டர் கம்பெனி, 1906இல் குழாயை மரப்பேழைக்குள் மறைத்து, 'விக்ட்ரோலா' என்னும் பெயரால் விற்கத் தொடங்கிற்று. பேழையின் முன்புறக் கதவுகளைத் திறந்தால் ஒலி மிகும், சாத்தினால் குறையும். இங்கிலாந்தில் 1934இல் 'எக்கோ' நிறுவனம் வெல்ஸ் கோட்ஸ் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு பேக்கலைட்டில் வட்டவடிவமான வானொலிப் பெட்டியை உருவாக்கியது. முர்ஃபி நிறுவனம் 1930களில் தன் பெட்டிகளின் மரவேலையை டிக் ரஸ்ஸல் என்னும் வடிவமைப்பாளரிடம் ஒப்படைத்தது. பிற்காலத்தில் நம் நாட்டு வீடுகளில் முர்ஃபியின் பெயரை நிலைநாட்டியது, ஒரு குழந்தையின் படம். அப்பெட்டியின் ஒலியை மறந்தவர்களும் அக்குழந்தையை மறக்கவில்லை.

கண் காதை எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கிறது என்பதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. ஃபிளாய்டு டூல், ஷான் ஆலிவ் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1994இல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினர். நாற்பது பேர் நான்கு ஒலிபெருக்கிகளைக் கேட்டு மதிப்பெண் வழங்கினர். ஒருமுறை கருவிகள் திரைக்குப் பின்னால் இருந்தன. மற்றொரு முறை கண்ணெதிரே இருந்தன. திரை இருந்தபோது நல்ல மதிப்பெண் பெற்ற சிறிய பிளாஸ்டிக் கருவியின் மதிப்பு, திரை விலகியதும் இறங்கிவிட்டது. கருவியை அறையில் வேறிடத்திற்கு மாற்றும்போது ஒலியில் ஏற்படும் மெய்யான வேறுபாட்டைத் திரை இருக்கையில் கண்டறிந்தவர்கள், கருவியை நேரில் கண்டபோது அதனைப் பெரிதும் கவனிக்கத் தவறினர். இவர்களிற் பலர் ஒலித்துறையோடு தொடர்புடையவர்கள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. கேள்விப் பயிற்சி உடையவர்க்கே இந்நிலையென்றால், கடையின் விளக்கொளியில் அரைமணி நேரம் நின்று முடிவு செய்யும் நம் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, தோற்றம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பதில் மூன்று வகை உண்டு. அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதல் வகை, ஒலிக்குத் துணை செய்யும் தோற்றம். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசையும்போது இருபுறமும் காற்றில் அதிர்வு எழுகிறது. முன்புறம் காற்று நெருக்குண்ணும்போது பின்புறம் தளர்கிறது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்தால் தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனைத் தடுப்பதே பெட்டியின் முதல் வேலை. பெட்டியின் கொள்ளளவு, பலகையின் கனம், மூட்டுகளின் இறுக்கம் ஆகியவை ஒலியை ஆக்குபவை. ஆதலால் கனமான, நன்கு இறுக்கிய மரப்பெட்டியை விரும்புவது வெறும் அலங்கார ஆசையன்று. ஜெர்மனியின் பிரவுன் நிறுவனம் 1956இல் வெளியிட்ட வானொலி-கிராமபோன் பெட்டிக்கு முதலில் உலோக மூடி கருதப்பட்டது. ஒலி மிகும்போது அது அதிர்ந்தமையால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி பொருத்தப்பட்டது. அம்மூடியே அப்பெட்டிக்கு உலகப் புகழைத் தந்தது. காதுக்காகச் செய்த மாற்றம் கண்ணுக்கும் விருந்தாயிற்று.

இரண்டாம் வகை, கையாளுவதற்கு உதவும் தோற்றம். பழைய வால்வு ரேடியோக்களின் கண்ணாடித் தகட்டில் கொழும்பு, தில்லி, சென்னை என்று ஊர்ப்பெயர்கள் ஒளிர்ந்தன. 1930களின் நடுவே வந்த பச்சை நிற 'மாயக்கண்', நிலையம் சரியாகப் பொருந்தியதைக் காட்டிற்று. இவை அழகாகவும் இருந்தன, பயனும் தந்தன. இன்றைய கருவிகள் சிலவற்றில் திருகுவதற்குக் குமிழே கிடையாது. வழவழப்பான பரப்பின் எந்த இடத்தைத் தொடுவது என்பது பார்வை குன்றிய பாட்டிக்குத் தெரிவதில்லை. கையால் தடவியே அறியக்கூடிய குமிழ், பெரிய எழுத்து, திறந்ததும் தமிழ் நிலையம் ஒலிக்கும் எளிமை ஆகியவற்றை அழகின் கணக்கிலேயே சேர்க்கலாம்.

மூன்றாம் வகை, ஒலியைக் கெடுக்கும் தோற்றம். மத்திய அலை ஒலிபரப்பைப் பற்றும் சிறு ஃபெரைட் தண்டு பெட்டிக்குள்ளேயே இருக்கும். பளபளப்பு வேண்டி முழுதும் உலோகத்தால் மூடிய பெட்டியில் அதன் ஏற்புத்திறன் குன்றும். ஒலி மிகுத்தால் நடுங்கும் அலங்காரப் பட்டைகளும் இவ்வகையின. நாமே சேர்த்துக்கொள்ளும் கேடுகளும் உண்டு. பெட்டிக்குப் பூவேலைத் துணியால் உறை தைத்து, அதன் மேல் நீர் நிறைந்த பூச்சாடியை வைப்பது ஒரு காலத்தில் பல வீடுகளின் வழக்கமாக இருந்தது. வால்வுகளின் சூடு வெளியேற வழியின்றிப் போகும். சாடி கவிழ்ந்தால் ஆபத்தும் நேரும். இக்காலத்தில் ஒலிபெருக்கியைக் கண்ணாடி அலமாரிக்குள் அடைப்பதும், அறையின் மூலையில் ஒளிப்பதும் அவ்வாறே. மூலையில் வைத்த கருவி தாழ்ந்த சுரங்களை மிகைப்படுத்தி முழங்கும்; கடையில் கேட்டபோது இருந்த தெளிவு வீட்டில் இராது.

தெளிவைப் பற்றி இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. ஒலி, ஒளி, ஒழி என்னும் மூன்று சொற்களையும் எண்ணிப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினால் பொருள் முற்றிலும் மாறுகிறது. ளகர ழகரங்களுக்கு நா மேல்நோக்கி வளையும்போது குரலின் மேற்பகுதி அதிர்வுகளில் ஒன்று கீழிறங்குகிறது. லகரத்தில் அவ்வாறு இறங்குவதில்லை. இவ்வேறுபாடு பெரும்பாலும் விநாடிக்கு 1,500 முதல் 3,500 அதிர்வுகள் வரையுள்ள பகுதியில் அமைந்துள்ளது. மத்திய அலை ஒலிபரப்பு ஏறத்தாழ 4,500 அதிர்வு வரையிலும், பண்பலை 15,000 வரையிலும் ஏந்தி வருகின்றன. எனவே இவ்வெழுத்துகளின் வேறுபாடு நிலையத்திலிருந்து நம் வீடு வரை பத்திரமாக வந்து சேர்கிறது. அதனை மூழ்கடிப்பது, முழக்கத்தையே பெருமையாகக் கொண்ட பெட்டி. பறையொலி அதிரும் கருவி கடையில் நம்மைக் கவர்கிறது. செய்தி வாசிப்பவரின் ழகரம் அதில் மங்கிவிடுகிறது.

ஆரியசாலையில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு இதனால் பெரிய நட்டமில்லை. தெருவில் பேசப்படும் மலையாளத்திலும் ழகரம் உயிரோடு இருக்கிறது. 'மழ' என்று அண்டை வீட்டார் சொல்வதைக் கேட்டே அக்குழந்தை அவ்வொலியை அறியும். கன்னடமும் தெலுங்கும் வழங்கும் ஊர்களில் ளகரம் கேட்கலாம். இன்றைய வழக்கில் ழகரம் இல்லை. மராத்தியிலும் ளகரம் மட்டுமே உண்டு. இந்தியும் வங்காளமும் வழங்கும் நகரங்களின் பொது வழக்கில் இரண்டையும் கேட்க முடியாது. அங்கே வளரும் நம் குழந்தைகளுக்குத் தாய் தந்தையர்க்கு அடுத்தபடியாக இவ்வொலிகளைக் கற்பிப்பது வீட்டிலுள்ள ஒலிபெருக்கிதான். அது குழறினால் குழந்தையின் தமிழும் குழறும். செவி மங்கிவரும் முதியவர்க்கும் இதே இடர்ப்பாடு உண்டு. எழுத்துகள் தெளிவாகக் கேளாதபோது அவர்கள் ஒலியைக் கூட்டுவார்கள். மற்றவர்கள் குறைக்கச் சொல்வார்கள். முடிவில் பெட்டி மௌனமாகிவிடும்.

அப்படியானால் அழகுக்கு இடமே இல்லையா? நிச்சயமாக உண்டு. வெளி மாநில நகரங்களில் நம்மவர் பலர் வாழ்வது சிறு குடியிருப்புகளில். இருக்கும் ஒரே கூடத்தில் கண்ணை உறுத்தும் பெட்டி நெடுநாள் நிலைக்காது. முதலில் ஓரத்திற்கும், பின்னர் பரணுக்கும் போய்ச்சேரும். பரணில் இருக்கும் பெட்டி எவ்வளவு சிறந்ததாயினும் யாருக்கும் தமிழ் சொல்லித் தராது. நாள்தோறும் பார்க்க விரும்பும் பொருளையே மனிதர் நாள்தோறும் பயன்படுத்துகின்றனர். ஆதலால் தோற்றத்திற்கு வாக்குரிமை கொடுப்போம். ஆனால் முதல் வாக்கு காதினுடையதாக இருக்கட்டும்.

இதற்கான முறை எளிது. கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு பதிவு செய்துகொள்ளுங்கள். விலை, விளை, விழை. தலை, தளை, தழை போன்ற சொற்களை முறை மாற்றி ஒருவர் வாசிக்க, கைப்பேசியில் பதியுங்கள். அத்துடன் நன்கு பழகிய ஒரு செய்தி வாசிப்பும், ஒரு வாய்ப்பாட்டும் இருக்கட்டும். கடைக்காரர் போட்டுக்காட்டும் முழக்கமான இசையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒப்பிடும் கருவிகளை ஒரே ஒலி அளவில் வைக்கச் சொல்லுங்கள். சற்று உரக்க ஒலிப்பது எப்போதும் சற்று நன்றாகவே தோன்றும். பின்னர் கருவிகளுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். உடன் வந்தவர் ஒவ்வொன்றாக மாற்றட்டும். எது ஒலிக்கிறதென்று சொல்ல வேண்டாம். கேட்ட சொற்களை வரிசையாக எழுதிக்கொண்டே வாருங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரையும் குழந்தையையும் எழுதச் சொன்னால் இன்னும் நன்று. பிழை குறைவாக விளைவித்த இரண்டு மூன்று கருவிகளைப் பொறுக்கியெடுத்த பிறகு திரும்பிப் பாருங்கள். அவற்றுள் உங்கள் கூடத்திற்கும் கைக்கும் பணப்பைக்கும் பொருந்துவதைக் கண் தேர்ந்தெடுக்கட்டும்.

வீட்டிற்குக் கொண்டுவந்ததும் மூலையையும் அலமாரியையும் தவிர்த்து, உட்கார்ந்திருப்பவரின் செவி உயரத்தில், சுவரிலிருந்து சிறிது தள்ளிக் கருவியை வையுங்கள். மத்திய அலைப் பெட்டியாயின் மெல்லத் திருப்பிப் பார்த்து, குரல் தெளியும் திசையில் நிறுத்துங்கள். அதன் பின்னர் வீட்டுப் பதிவை மீண்டும் ஒருமுறை ஒலிக்கவிட்டு, சொற்களை எழுதிப் பாருங்கள். கடையில் கிடைத்த விடையே வீட்டிலும் கிடைத்தால் பெட்டி தன் இடத்தை அடைந்துவிட்டது என்று கொள்ளலாம். கிடைக்காவிடில் குறை பெரும்பாலும் அது வைக்கப்பட்ட இடத்தில் இருக்கும். ஓரிரு அடி நகர்த்தினாலே தீர்ந்துவிடக்கூடும்.