ஆபரேஷன் முடிந்த பிறகு இதயத்துக்கு வரும் சோதனை

"கண் முழிச்சிட்டார், இனி பயமில்லை" என்று வார்டு வாசலில் உறவினர்கள் ஆறுதல் அடைவார்கள். இதயத்துக்குச் சிக்கல் வருவதோ பெரும்பாலும் அதற்குப் பிறகான இரண்டு மூன்று நாட்களில்தான்.

மயங்குவது மூளை மட்டுமே

முழு மயக்கத்தில் நமக்கு வலி தெரியாது. ஆனாலும் கத்தி பட்டதை உடல் உணர்ந்துவிடுகிறது. அட்ரினலின், கார்டிசால் ஏறுகின்றன, நாடி வேகமெடுக்கிறது, ரத்தம் எளிதில் உறைகிறது. ஏற்கெனவே இதயக் குழாய் சுருங்கியவருக்கு இது பெரும் சுமை. அரிதாக, குழாயில் அடைப்பே இல்லாமல் இதயத்தின் கீழ்முனை பலூன்போல் உப்பிச் செயலிழப்பதும் உண்டு. டாகோட்சுபோ எனப்படும் இந்நிலை பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும்.

கோபன்ஹேகன் இரவுகள்

டென்மார்க்கில் யாகோப் ரோசன்பெர்க், ஹென்ரிக் கெலெட் முதலிய அறுவை மருத்துவர்கள் 1990களில், பெரிய வயிற்று ஆபரேஷன் ஆனவர்களின் தூக்கத்தை ஆராய்ந்தார்கள். முதல் இரவில் கனவுத் தூக்கம் ஏறக்குறைய இல்லை. அடுத்த ஓரிரு இரவுகளில் அது சேர்த்துவைத்து வந்தது. அப்போது மூச்சு தடுமாறி, ஆக்சிஜன் விட்டுவிட்டு இறங்கியது; ஏற்கெனவே சுமை தாங்கும் இதயத்துக்கு அது இன்னொரு அடி. உடனிருப்பவர்களும் அசதியில் கண்ணயரும் நேரம் அது.

மாத்திரையால் முடியவில்லை

நாடியை அடக்கும் மாத்திரை கொடுத்தால் போதாதா? டென்மார்க்கில் சர்க்கரை நோயாளிகள் 921 பேரிடம் மெட்டோபுரோலாலைச் சோதித்தார்கள். 2006இல் வெளியான முடிவில் பலன் தெரியவில்லை. 2008இல் வெளியான 8,351 பேர் கொண்ட பன்னாட்டு ஆய்வில் அதே மருந்தால் மாரடைப்பு குறைந்தது. ஆனால் பக்கவாதமும் இறப்பும் கூடின! அதற்காக, ஏற்கெனவே இம்மாத்திரை சாப்பிடுபவர் தானாக நிறுத்திவிடக் கூடாது; அது இன்னும் ஆபத்து.

கெலெட் வேறு வழியில் போனார்: உடலுக்கு நேரும் அதிர்ச்சியையே குறைப்பது. வெட்டு சிறியது, வலிக்கு முதுகுவழி மருந்து, மார்ஃபின் மருந்து குறைவு, சீக்கிரமே சாப்பாடு, சீக்கிரமே நடை. டென்மார்க்கின் ஹ்விடோவ்ரே மருத்துவமனையில் பெருங்குடல் ஆபரேஷன் ஆன பலர் இரண்டே நாளில் வீடு திரும்பினார்கள். தையல் பிரிந்துவிடும் என்று நோயாளியை அசையவிடாத நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை அவசியம் சொல்ல வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

வலிநிவாரணி நெஞ்சுவலியை மறைத்துவிடும். மூச்சிரைப்பு, வியர்வை, படபடப்பு, திடீர்ப் பிதற்றல் எது வந்தாலும் நடுராத்திரியானாலும் நர்ஸைக் கூப்பிடுங்கள். அறிகுறியே இல்லாத பாதிப்பும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையில் தெரியும். இதய ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன்பும், 24, 48 மணி நேரம் கழித்தும் அதை எடுக்கச் சொல்கிறது 2022ஆம் ஆண்டு ஐரோப்பிய வழிகாட்டுதல். மயக்க மருத்துவர் முன்கூட்டியே பார்க்க வரும்போது இதைக் கேட்டுவைக்கலாம்.