கேளாமலே படிக்கும் மனம்

ஒரு வெள்ளைத் தாளில் ‘சிவப்பு’ என்னும் சொல்லைப் பச்சை மையால் எழுதுங்கள். ‘நீலம்’ என்பதைச் சிவப்பு மையாலும், ‘பச்சை’ என்பதை நீல மையாலும் எழுதுங்கள். சொல்லும் மையும் பொருந்தாதவாறு இப்படி இருபது சொற்களை எழுதியபின், ஒவ்வொன்றின் மை நிறத்தை மட்டும் விரைவாக உரக்கச் சொல்லுங்கள். சொல்லைப் படித்தல் கூடாது.

எளிய வேலைதான். ஆயினும் சிறிது நேரத்திலேயே நாக்குத் தடுமாறும். பச்சை நிறத்தைக் கண்டு ‘சிவப்பு’ என்று சொல்ல வாய் முந்தும். படிக்கக் கூடாது என்று நாமே முடிவு செய்த பின்னரும் மனம் படித்துவிடுகிறது.

அமெரிக்க உளவியலார் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இத்தடுமாற்றத்தை அளந்து காட்டினார். நூறு வண்ணச் சதுரங்களின் நிறங்களைச் சொல்லக் கல்லூரி மாணவர்களுக்குச் சராசரியாக 63 நொடிகள் ஆயின. பொருந்தாத மையில் அச்சிட்ட நூறு வண்ணப் பெயர்களின் மை நிறத்தைச் சொல்லவோ 110 நொடிகள் ஆயின. மிகுதியான 47 நொடிகளும் மனம் தன்னோடு தானே போராடியதற்கான செலவு.

‘மனம் ஒரு குரங்கு’ என்பர் பெரியோர். இங்கு அது தாவவில்லை; பழகிய தடத்தை விட்டு விலக மறுக்கிறது. வண்டிக்காரர் உறங்கினாலும் வீட்டுக்கு வழி தெரிந்து நடக்கும் வண்டிமாட்டையே அதற்கு உவமை சொல்லலாம். முதல் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படித்த நாளில் ஒவ்வோர் எழுத்தும் நம் கவனத்தை வேண்டி நின்றது. ஆயிரக்கணக்கான முறை படித்தபின் அத்தொழில் நம் கட்டளைக்குக் காத்திராமல் தானே நடக்கிறது. நிறத்தைப் பெயரிட்டுச் சொல்லும் பழக்கம் நமக்கு அந்த அளவுக்கு இல்லை. ஆகவே சொல் முந்துகிறது, நிறம் பிந்துகிறது. முந்தி வந்ததை அடக்கிப் பிந்தி வந்ததைச் சொல்வதற்குள் நேரம் கழிந்துவிடுகிறது.

தமிழகத்துக்கு வெளியே வளரும் உங்களுக்கு இச்சோதனை வேறொன்றையும் காட்டும். அதே சொற்களை இந்தியிலோ, நீங்கள் வாழும் மாநில மொழியிலோ எழுதி மீண்டும் செய்து பாருங்கள். இருமொழி அறிந்தோரிடம் பொதுவாக நன்கு பழகிய மொழியில்தான் தடுமாற்றம் மிகுதி என ஆய்வாளர் கண்டுள்ளனர். பள்ளி மொழியில் தடுமாறிய நீங்கள் தமிழ்ச் சொற்களின் மை நிறத்தைத் தங்குதடையின்றிச் சொல்லிவிட்டால், அவசரப்பட்டு மகிழ வேண்டா. தமிழ் எழுத்து உங்கள் மனத்தில் இன்னும் தானாகப் பேசத் தொடங்கவில்லை என்று அதற்குப் பொருள். பிழையின்றிச் செய்வதைக் காட்டிலும் தடுமாறுவது மேலாகும் தேர்வு இது ஒன்றுதான் போலும்!

தாளும் மையும் இன்றியும் இதனை ஓரளவு அறியலாம். தமிழ்நாட்டு இரயில் நிலையப் பெயர்ப்பலகைகளில் ஊர்ப்பெயர் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருக்கும். அடுத்த கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது சன்னலோரம் அமர்ந்து கவனியுங்கள். வண்டி ஒரு சிறு நிலையத்தில் நில்லாமல் விரைகிறது. பலகை கண்முன் தோன்றி மறைகிறது. அந்த நொடியில், நீங்கள் தேர்ந்தெடுக்காமலே, எந்த எழுத்தில் அவ்வூரின் பெயர் உங்களுக்குக் கேட்டது?